மனிதவுரு ரோபோவின் முழங்காலுக்கு ஓர் அக்சுவேட்டர்: கொழும்பில் வடிவமைத்துச் சோதிக்கும் முறை

முழங்காலைச் சற்று மடக்கியபடி அசையாமல் நிற்கும் ரோபோ, பௌதிகவியலின் கணக்கில் வேலை எதையும் செய்வதில்லை. ஆயினும் அதன் முழங்கால் மோட்டாருக்குள் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கிறது. மோட்டார் இழுக்கும் வலு முழுவதும் சுருளில் வெப்பமாகிறது. நடக்கும் ரோபோவுக்கு அக்சுவேட்டரை, அதாவது மூட்டை அசைக்கும் மோட்டாரும் கியரும் சேர்ந்த தொகுதியை, வடிவமைப்பவர் முதலில் தீர்க்க வேண்டியது இந்த வெப்பத்தின் கணக்கையே. விற்பனைப் பக்கங்களில் தடித்த எழுத்தில் காணப்படும் உச்ச முறுக்கம் அதற்குப் பின்னர்தான் வரும். ஆண்டு முழுவதும் பகல் வெப்பநிலை 30 பாகை செல்சியசைச் சுற்றியே நிற்கும் கொழும்பில், இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி மோட்டாரை முதலில் வாங்கிவிட்டுக் கணக்கை இறுதியில் போடுபவர், பெரும்பாலும் இரண்டாவது மோட்டாருக்கும் பணம் கொடுக்க நேரும்.

இவ்வழிகாட்டி ஒரேயொரு மூட்டை எடுத்துக்கொள்கிறது. முழங்காலைத் தேர்ந்ததற்குக் காரணம், நடையில் அதிக சுமை தாங்கும் மூட்டுகளுள் அதுவும் ஒன்று என்பதோடு, அதன் அசைவு ஒரே அச்சில் நிகழ்வதால் கணக்கு எளிதாக இருப்பதுமாகும். எடுத்துக்காட்டாக 20 கிலோகிராம் நிறையும் தொடை, கீழ்க்கால் ஒவ்வொன்றும் 0.25 மீற்றர் நீளமும் கொண்ட ரோபோவைக் கொள்வோம். க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல் கற்றவருக்கு இங்குள்ள கணக்குகள் எதுவும் புதியனவல்ல.

மூட்டின் சுமையைக் கணித்தல்

இடுப்பு, கணுக்காலுக்கு நேர் மேலே இருக்கும் நிலையை வரைந்துகொள்ளுங்கள். தொடை நிலைக்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தின் சைன் பெறுமானத்தைத் தொடையின் நீளத்தால் பெருக்கினால், சுமைக் கோட்டிலிருந்து முழங்கால் விலகியிருக்கும் தூரம் கிடைக்கும். அத்தூரத்தை உடல் நிறையின் விசையால் பெருக்கினால் முழங்கால் தாங்க வேண்டிய முறுக்கம் வரும். ஒற்றைக் காலில் நின்று, தொடை 25 பாகை சாய்ந்திருக்கையில், விலகல் தூரம் 0.106 மீற்றர், 20 கிலோகிராமின் நிறை ஏறத்தாழ 196 நியூற்றன், ஆகவே முறுக்கம் 20.7 நியூற்றன் மீற்றர். நடக்கும் ரோபோக்கள் பொதுவாகக் கொள்ளும் நிலை இதுதான். இரண்டு கால்களிலும் சமமாக நின்று தோப்புக்கரணம் போடுவதுபோல் தொடையை 45 பாகை வரை தாழ்த்தினால், ஒவ்வொரு முழங்காலுக்கும் 17.3 நியூற்றன் மீற்றரே வருகிறது. ஒற்றைக் காலால் படியேறும்போது, தொடை 60 பாகை சாய்ந்திருக்குமெனின், அது 42.5 ஆக உயர்கிறது. உடலை மேல்நோக்கி ஆர்முடுக்கவும் தரையில் கால் பதியும் அதிர்வை வாங்கவும் ஒரு மிகுதி தேவைப்படுவதால், உச்சத் தேவையை 60 நியூற்றன் மீற்றர் எனக் கொள்வது நியாயமானது.

இந்த உச்சம் ஒரு கணத்துக்கு உரியது. வெப்பத்தை நிர்ணயிப்பது முறுக்கத்தின் வர்க்கச் சராசரி மூலம், அதாவது முறுக்கத்தை வர்க்கித்து, சராசரி எடுத்து, அதற்குக் காணும் வர்க்கமூலம். ஒரு நடைச் சுழற்சியில் ஏறத்தாழ 60 சதவீத நேரம் கால் தரையில் நின்று 20 நியூற்றன் மீற்றரைத் தாங்குகிறது எனவும், மிகுதி நேரம் காற்றில் வீசப்பட்டு 3 நியூற்றன் மீற்றரை மட்டும் கேட்கிறது எனவும் கொண்டால், அந்த மூலம் 15.6 ஆகும். அதை 16 என எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் வடிவமைப்பு முழுவதும் தொடர்ந்து தாங்க 16, கணநேரத்துக்கு 60 என்ற இந்த இரண்டு எண்களில் தொங்குகிறது. வேகத்தைப் பொறுத்தவரை, மனிதரின் சாதாரண நடையில் முழங்கால் எட்டும் உச்சக் கோண வேகம் செக்கனுக்கு 6 ஆரையன் அளவில் இருப்பதால், 10 ஆரையனை, அதாவது நிமிடத்துக்கு 95 சுற்றுகளை, இலக்காக வைத்தால் போதும்.

இங்கேயே ஒரு மலிவான திருத்தமும் கிடைக்கிறது. நிற்கும்போது தொடையின் சாய்வை 25 பாகையிலிருந்து 10 பாகையாகக் குறைத்தால், முறுக்கம் 8.5 நியூற்றன் மீற்றராக இறங்கும். வெப்பம் முறுக்கத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்வதால், அது ஆறில் ஒரு பங்காகிவிடும். மோட்டாரில் ஒரு ரூபாய் கூடச் செலவிடாமல் பெறும் இவ்வளவு பெரிய ஆதாயம் வேறெங்கும் கிடைக்காது. முழங்காலை முற்றாக நிமிர்த்திவிட்டால் கட்டுப்பாட்டு மென்பொருளின் கணிதம் இடறும் என்பதால் பலர் ரோபோவை எப்போதும் குந்தியபடியே நடத்துகிறார்கள். அந்த வசதிக்கான விலையை மோட்டாரே செலுத்துகிறது.

மோட்டாரைத் தேர்தல்

இவ்வேலைக்கு உகந்தது, தட்டையான, விட்டம் பெரிய, சுழலி (காந்தங்கள் கொண்ட சுழலும் பகுதி) வெளிப்புறமாக அமைந்த பிரஷ்லெஸ் (தூரிகையற்ற) மோட்டார். நீளம் மாறாதிருக்க, காந்தங்கள் அமைந்த வட்டத்தின் ஆரை இரட்டித்தால் முறுக்கம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒன்று, விசை செயற்படும் நெம்புகோல் நீள்கிறது. மற்றொன்று, விசையைத் தரும் பரப்பும் வளர்கிறது. ட்ரோன்களுக்கும் கமராத் தாங்கிகளுக்கும் தயாரிக்கப்பட்ட பெரிய மோட்டார்கள் கால்களுள்ள ரோபோக்களுக்குள் புகுந்த காரணம் இதுவே. பொம்மை விமானங்களுக்கான ஆர்.சி. சேர்வோக்களைக் கை விரல்களுக்கும் கழுத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். 20 கிலோகிராம் ரோபோவின் காலுக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் உள்ளே முறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழி இல்லை; வெப்பம் வெளியேறவும் வழி இல்லை.

மோட்டாரின் தரவுத் தாளில் கேவி எனப்படும் எண், ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகள் என்பதைக் காட்டும். எஃப்ஓசி முறையில், அதாவது சுழலியின் கோணத்துக்கு ஏற்ப மூன்று கட்டங்களின் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தி, இயக்கும்போது, 8.27ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஓர் அம்பியருக்கு எத்தனை நியூற்றன் மீற்றர் என்ற முறுக்க மாறிலி கிடைக்கும். பல இடங்களில் 9.55 என்ற எண் காணப்படும். அது வேறு மின்னோட்ட வரைவிலக்கணத்துக்குரியது. இரண்டையும் கலந்தால் பதின்மூன்று சதவீத அளவில் பிழை நேரும். நமது எடுத்துக்காட்டு மோட்டாருக்குக் கேவி 100, இரு முனைகளுக்கிடையிலான தடை 0.12 ஓம் எனக் கொள்வோம். முறுக்க மாறிலி 0.0827, சுருளின் வெப்ப இழப்பு, தடையின் முக்கால் பங்கை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிய தொகை.

கேவி குறைந்த மோட்டார் பலமானது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதே இரும்பிலும் அதே செப்பு நிறையிலும் மெல்லிய கம்பியைக் கூடுதல் சுற்றுகளாகச் சுற்றினால் கேவி குறையும், முறுக்க மாறிலி உயரும்; ஆனால் தடையும் அதற்கேற்பவே உயர்வதால், ஒரே முறுக்கத்துக்கு ஒரே வெப்பமே வரும். மோட்டார்களை ஒப்பிட வேண்டிய எண், முறுக்க மாறிலியை இழப்புத் தடையின், அதாவது மேலே கண்ட முக்கால் பங்குத் தடையின், வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறுவது. நமது மோட்டாருக்கு அது 0.276. தேவைப்படும் முறுக்கத்தை இதனால் வகுத்து வர்க்கித்தால் எத்தனை வாற்று வெப்பம் என்பது நேரடியாகக் கிடைக்கும். கேவியைப் பற்றரியின் வோல்ற்றளவுக்கும் டிரைவர் (மோட்டாருக்கு மின்னோட்டத்தை ஊட்டிக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) தாங்கும் மின்னோட்டத்துக்கும் பொருந்தத் தேருங்கள். அதற்கு மேல் அதற்கு மகிமை எதுவும் இல்லை.

கொழும்பின் வெப்பத்தைக் கணக்கில் சேர்த்தல்

கியர் விகிதம் 9 (மோட்டார் 9 சுற்றுகள் சுழல மூட்டு ஒரு சுற்று), அதன் வினைத்திறன் 90 சதவீதம் என இப்போதைக்குக் கொள்வோம். மூட்டில் 16 நியூற்றன் மீற்றர் தொடர்ந்து வேண்டுமெனின், மோட்டார் 1.98 நியூற்றன் மீற்றரைத் தர வேண்டும். அதற்கு 24 அம்பியர் செல்லும். இழப்பு 51 வாற்று. அலுமினியக் கூட்டில் நன்கு பொருத்தப்பட்ட இத்தகைய மோட்டாரில், சுருளிலிருந்து அறைக் காற்று வரையான வெப்பத்தடை ஒரு வாற்றுக்கு 1.2 பாகை எனக் கொண்டால், உயர்வு 61 பாகை. அறை 32 பாகையாயின் சுருள் 93 பாகை. கணக்கு இங்கே முடிந்துவிட்டதுபோல் தோன்றும், முடியவில்லை.

செப்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் உயர்கிறது. சுருள் சூடேறத் தடை உயர்கிறது, தடை உயர இழப்பு உயர்கிறது, இழப்பு உயரச் சுருள் மேலும் சூடேறுகிறது. இச்சுழல் அடங்கி நிற்கும் இடத்தைச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால், விடை 93 அல்ல, 115 பாகைக்குச் சற்று மேல். இதே மோட்டாரை இதே சுமையில் 20 பாகை அறையில் ஓட்டினால் சுருள் ஏறத்தாழ 100 பாகையில் நிற்கும். அதாவது அறைக்கும் அறைக்கும் இடையிலான 12 பாகை வித்தியாசம், சுருளை அடையும்போது 16 பாகையாகப் பெருகிவிடுகிறது. குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் எடுக்கப்பட்ட தரவுத் தாளை வெள்ளவத்தையில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் அப்படியே நம்ப முடியாததற்கு இதுவே காரணம். ரோபோவின் உடலை அழகுக்காகப் பிளாஸ்ரிக் ஓட்டால் மூடினால், மோட்டாரைச் சூழ்ந்த காற்று அறைக் காற்றும் அல்ல.

சுருளின் எனாமல் பூச்சு பொதுவாக 130 அல்லது 155 பாகை வகுப்பைச் சேர்ந்ததாக இருப்பதால், 115 அதைக் கொல்லாது. முதலில் பலியாவது காந்தம். எழுத்துக் குறி எதுவும் இல்லாத சாதாரண நியோடிமியக் காந்தத்தின் எல்லை 80 பாகை. எச் வகைக்கு 120, எஸ்எச் வகைக்கு 150. சூட்டில் ஒருமுறை வலுவிழந்த காந்தம் ஆறியபின் முழுமையாக மீளாது. முறுக்க மாறிலி நிரந்தரமாகக் குறைந்துவிடும். அதன் பின்னர் அதே முறுக்கத்துக்கு மேலும் மின்னோட்டம் தேவைப்படும். சுழலி சுருளைவிடச் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும் என்பது ஆறுதல். ஆனாலும் காந்தத்தின் வகையை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அசையாமல் நிற்கும் நிலை இன்னும் மோசமானது. சுழலும் மோட்டாரில் மூன்று கட்டங்களும் வெப்பத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. நின்றுவிட்ட மோட்டாரில், சுழலி நின்ற கோணத்தைப் பொறுத்து, ஒரே கட்டம் முழு மின்னோட்டத்தையும் மற்ற இரண்டும் அரைவாசியையும் சுமக்க நேரலாம். அப்போது மொத்த வெப்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே கட்டத்துச் சுருளில் விழும். ஆகவே வெப்ப உணரி ஒன்றை மட்டும் ஏதோ ஓரிடத்தில் ஒட்டிவிட்டு நிம்மதி கொள்ளக்கூடாது. 10 கிலோ ஓம் தேர்மிஸ்ரர்கள் மூன்றை, கட்டத்துக்கு ஒன்றாகச் சுருளின் இடுக்கில் எப்பொக்சியால் பதித்து, மூன்றில் உயர்ந்ததைப் பார்த்து மென்பொருள் மின்னோட்டத்தைக் குறைக்கச் செய்யுங்கள்.

கியர் விகிதம்: இரு பக்கமும் வெட்டும் கத்தி

விகிதத்தை 100 ஆக உயர்த்தினால் மோட்டாரின் வெப்பப் பிரச்சினை அடியோடு நீங்கும். எனின் ஏன் எல்லோரும் அவ்வாறு செய்வதில்லை? சுழலியின் சடத்துவத் திருப்பம் மூட்டில் உணரப்படும்போது விகிதத்தின் வர்க்கத்தால் பெருகுகிறது. நமது மோட்டாரின் சுழலிக்கு அது 0.0001 கிலோகிராம் மீற்றர் வர்க்கம் எனக் கொண்டால், விகிதம் 9இல் மூட்டில் 0.0081, விகிதம் 100இல் 1.0. பாதத்துடன் 1.2 கிலோகிராம் வரும் கீழ்க்காலின் சொந்தச் சடத்துவத் திருப்பமோ 0.025 அளவே. விகிதம் 100 கொண்ட காலை வீசுவது, காலைவிட நாற்பது மடங்கு கனமான ஒன்றைக் கூடவே வீசுவதற்குச் சமம். பாதம் தரையில் மோதும் கணத்தில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சடத்துவம் முழுவதும் திடீரென நிறுத்தப்பட வேண்டும்; அதன் அடி கியரின் பற்களில் விழும்.

இந்தச் சிக்கலுக்கு வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு காலத்தில் கண்ட விடைகள்தான் இத்துறையின் வரலாறு. 1950களில் வால்ட்டன் மஸ்ஸர் உருவாக்கிய, பல்லுள்ள மெல்லிய கிண்ணம் நெகிழ்ந்து இயங்கும் ஹார்மோனிக் டிரைவ் என்ற கியர், பல் தளர்வு (பற்களுக்கிடையிலான வெற்று ஆட்டம்) ஏறத்தாழ இல்லாமல் பெரிய விகிதத்தைச் சிறு இடத்தில் தந்தது; 1971இல் அப்போலோ 15 நிலவுக்குக் கொண்டுசென்ற வாகனத்தின் சக்கரங்களிலும், 2000ஆம் ஆண்டு ஹொண்டா வெளியிட்ட அசிமோ ரோபோவின் மூட்டுகளிலும் அது இருந்தது. துல்லியமான கைகளுக்கு இன்றும் அது சிறந்தது. ஆனால் மெல்லிய நெகிழ் கிண்ணம் மோதலை விரும்புவதில்லை. 1995இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கில் பிராட்டும் மத்தியூ வில்லியம்சனும் கியருக்கும் சுமைக்கும் இடையே வேண்டுமென்றே ஒரு சுருள்வில்லை வைத்து, அதன் நீட்சியால் விசையை அளக்கும் வழியை முன்வைத்தனர். பொஸ்ரன் டைனமிக்சின் அட்லஸ் ரோபோ, 2013 முதல் 2024 வரை ஐதரோலிக் அழுத்தத்தில் குதித்துத் திரிந்த பின்னர், மின்சார வடிவத்துக்கு மாறியது. டெஸ்லா 2022இல் காட்டிய ஒப்ரிமஸ் ரோபோவின் வடிவமைப்பில், சுழலும் அக்சுவேட்டர்களோடு, கோள் உருளைத் திருகு (சுழற்சியை நேர்கோட்டு அசைவாக்கும் திருகு) கொண்ட நேர்கோட்டு அக்சுவேட்டர்களும் சேர்ந்தன; அந்தத் திருகைத் துல்லியமாக அரைத்தெடுக்கும் இயந்திரம் இல்லாதவர் அவ்வழியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சிறு குழுக்களுக்கு வழிகாட்டக்கூடியது எம்ஐடியின் மினி சீட்டா என்ற நாலுகால் ரோபோ. பென் கட்ஸ் வடிவமைத்த அதன் அக்சுவேட்டரில், பெரிய தட்டை மோட்டாரும் விகிதம் 6 மட்டுமே கொண்ட ஒற்றைப்படிக் கோள் கியரும் (நடுவில் சூரியக் கியர், அதைச் சுற்றிக் கோள் கியர்கள், வெளியே வளையக் கியர்) உண்டு. உச்ச முறுக்கம் 17 நியூற்றன் மீற்றர் அளவு. விகிதம் சிறிதாக இருப்பதால், தரை காலைத் தள்ளும் விசை கியர் வழியாக மோட்டாரைச் சென்றடைகிறது. மின்னோட்டத்தைப் பார்த்தே விசையை மதிப்பிடலாம். தனியாக விசை உணரி வேண்டியதில்லை. ஆனால் அந்த ரோபோவின் நிறை 9 கிலோகிராம், கால்கள் நான்கு. இரண்டு காலில் நிற்கும் 20 கிலோகிராம் ரோபோவுக்கு அதே எண்களைப் பிரதி பண்ண முடியாது.

நமது கணக்குக்குத் திரும்பினால், விகிதம் 9இல் உச்ச 60 நியூற்றன் மீற்றருக்கு மோட்டார் 7.4 தர வேண்டும். 90 அம்பியர் செல்லும். இழப்பு 700 வாற்றைத் தாண்டும். ஓரிரு செக்கன்களுக்கு மேல் இது தாங்காது. அதற்கு முன்னரே நிலையியின் (சுருள்களைத் தாங்கும் அசையாப் பகுதியின்) இரும்பு காந்த நிரம்பலை அடைந்து, கூடுதல் மின்னோட்டம் கூடுதல் முறுக்கமாக மாறாமல் போகலாம். மறுபுறம், 24 வோல்ற்றில் கேவி 100 மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்கு 2400 சுற்றுகள் சுழலும். நமக்கு வேண்டியது மூட்டில் 95 சுற்றுகள். சுமையின் கீழ் அரைவாசிக்குச் சற்று மேலான வேகத்தையே நம்பலாம் என்றாலும், விகிதம் 15 வரை உயர இடமிருக்கிறது. முதலில் ரோபோவின் நிறையைக் குறைக்க முயல வேண்டும். அடுத்து மோட்டாரின் விட்டத்தை ஒரு படி உயர்த்த வேண்டும். விகிதத்தைக் கூட்டுவது மூன்றாவதாகவே வர வேண்டும் என்பது என் தீர்ப்பு. படியேறும் ஆசையை ஒத்திவைத்து, தொடையின் சாய்வை 45 பாகைக்குள் அடக்கினால், விகிதம் 9 சமதள நடைக்குப் போதுமானதே.

பற்கள்

வளையக் கியரை நிலையாகப் பிடித்து, சூரியக் கியரை மோட்டாரால் சுழற்றி, கோள்களைத் தாங்கும் தட்டிலிருந்து வெளியீட்டைப் பெற்றால், விகிதம் என்பது வளையத்தின் பல் எண்ணிக்கையைச் சூரியனுடையதால் வகுத்து ஒன்றைக் கூட்டியது. விகிதம் 9க்கு வளையம் 96, சூரியன் 12, கோள்கள் 42 பற்கள் வீதம். மூன்று கோள்களையும் சம இடைவெளியில் பொருத்த, சூரியன், வளையம் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றால் மீதியின்றி வகுபட வேண்டும், 108 வகுபடுகிறது. 12 பற்கள் கொண்ட சூரியனைச் சாதாரண 20 பாகைப் பல்வடிவில் வெட்டினால் பல்லின் அடி குடையப்படும்; 17 பற்களுக்குக் குறைந்தால் இத்தொல்லை வரும் என்பதால், பல்வடிவத்தைச் சற்று வெளிநோக்கித் தள்ளி வரைய வேண்டும்.

மொடியூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் எண்) 0.8, பல்லின் அகலம் 12 மில்லிமீற்றர் எனின், சூரியனின் ஆரை 4.8 மில்லிமீற்றர். உச்ச 7.4 நியூற்றன் மீற்றரில் மூன்று கோள்களுக்கும் சேர்த்து 1540 நியூற்றன், ஒரு பல்லுக்கு 514. பல்லின் வளைவுத் தகைப்பைத் தரும் லூயிசின் சமன்பாட்டில் இட்டால் சூரியனின் பல் அடியில் தகைப்பு ஏறத்தாழ 220 மெகாபஸ்கால் வரும். கடினமாக்கிய உருக்கு இதைச் சிரமமின்றித் தாங்கும். முப்பரிமாண அச்சியந்திரத்தில் பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக் இழையால் அச்சிட்ட பல்லின் வலிமை 50 மெகாபஸ்கால் அளவிலேயே நிற்பதால், அது முதல் தடுமாற்றத்திலேயே உதிரும். நடைக்குரிய சராசரிச் சுமையில்கூடத் தகைப்பு 60ஐ நெருங்குகிறது. ஆகவே அச்சிட்ட கியரை அளவு பொருந்துகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். பிஎல்ஏ 60 பாகைக்கு அருகே இளகத் தொடங்கும் என்பதால், சூடேறும் மோட்டாரின் கூட்டுக்கும் அது ஆகாது. நைலோன் இழை கொழும்பின் ஈரக்காற்றை உறிஞ்சிக் குமிழியிடும். அச்சிடும் முன் உலர்த்திக்கொள்ள வேண்டும், அச்சிட்ட பின்னும் ஈரத்தால் அதன் விறைப்பு குறையும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கியரின் செயற்பாட்டைக் கையால் தொட்டுப் படிக்க விரும்புவோர், பஞ்சிகாவத்தையின் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளில் கியர்க் குறைப்புள்ள ஸ்ராட்டர் மோட்டாரைத் தேடலாம். அவற்றில் பலவற்றுக்குள் உருக்குக் கோள் கியர்த் தொகுதி முழுமையாக இருக்கும். பல் தளர்வு மிகுதி என்பதால் ரோபோவின் காலுக்கு அது பொருந்தாது. உண்மையான தொகுதிக்குச் சூரியனையும் கோள்களையும் உருக்கில் வெட்டிக் கடினமாக்கி வாங்குவதும், வளையத்தைக் கம்பி மின்பொறி வெட்டில் எடுப்பதும் நல்லது. வரைபடத்தில் தளர்வுக்கான சகிப்பை எழுத மறக்கக் கூடாது: மூட்டில் 0.1 பாகைத் தளர்வு, கீழ்க்காலின் முனையில் 0.44 மில்லிமீற்றர் ஆட்டமாகத் தெரியும்.

பெயரிங்கும் என்கோடரும்

காலின் பக்கவாட்டு வளைவை கியர் சுமக்கக் கூடாது. குறுக்கு உருளைப் பெயரிங் இதற்குச் சிறந்த விடை. விலை இடறினால், 6810 போன்ற மெல்லிய பெயரிங் இரண்டை, கோள்களைத் தாங்கும் தட்டின் இரு ஓரங்களிலும் முடிந்தவரை தூர வைத்துப் பொருத்தலாம். அதன் உள்விட்டம் 50, வெளிவிட்டம் 65, அகலம் 7 மில்லிமீற்றர். கடற்காற்று வீசும் வட்டாரத்தில் மோட்டாரின் இரும்புத் தகடுகளும் பெயரிங்கின் திறந்த ஓரங்களும் விரைவில் துருப்பிடிக்கும். மூடியுள்ள பெயரிங்கையும், தகட்டில் மெல்லிய வார்ணிஷ் பூச்சையும் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

மோட்டார்த் தண்டின் முனையில் குறுக்காகக் காந்தமூட்டிய சிறு காந்தத்தை ஒட்டி, எதிரே கோணத்தை அளக்கும் 14 பிட் காந்த என்கோடர் ஒன்றை வைத்தால், ஒரு சுற்றை 16384 பகுதிகளாக அறியலாம். ஆனால் விகிதம் 9 என்பதால், மோட்டாரின் ஒரு சுற்று மூட்டில் 40 பாகை மட்டுமே. மின்னை இட்டவுடன் முழங்கால் 20 பாகையிலா 60 பாகையிலா நிற்கிறது என்று அந்த என்கோடரால் சொல்ல முடியாது. வெளியீட்டில் இரண்டாவது என்கோடர் ஒன்றை வையுங்கள். 12 பிட் மலிவு வகையே இதற்குப் போதும்.

டிரைவரும் பற்றரியும்

எஃப்ஓசி டிரைவரை நீங்களே வடிவமைக்க வேண்டிய அவசியமில்லை; திறந்த வடிவமைப்புகளும் ஆயத்தப் பலகைகளும் உண்டு. தொடர் மின்னோட்டம் 30 அம்பியருக்குக் குறையாததையும், கட்டளையாக நிலை, வேகம், விறைப்பு, தணிப்பு, முறுக்கம் ஆகிய ஐந்தையும் ஒரே செய்தியில் ஏற்பதையும் தேருங்கள். கம்பிகள், இணைப்பிகள், கொண்டென்சர்கள் போன்றவை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். உயர் மின்னோட்ட இணைப்பிகளில் போலிகள் கலந்திருப்பதால், வாங்கியதும் மின்னோட்டம் செலுத்தி மில்லிவோல்ற்று வீழ்ச்சியை அளந்து பாருங்கள்.

டிரைவர்களுக்குச் செய்திகளைக் கொண்டுசெல்லும் பொதுத் தொடர்புக் கம்பியான கேன் பஸ்ஸின் கொள்ளளவை முன்கூட்டியே கணியுங்கள். எட்டு பைட் செய்தி ஒன்று, செக்கனுக்கு ஒரு மெகாபிட் வேகத்தில், 0.13 மில்லிசெக்கன் வரை எடுக்கும். ஆறு மூட்டுகளுக்குக் கட்டளையும் பதிலுமாகப் பன்னிரண்டு செய்திகள் 1.5 மில்லிசெக்கனை விழுங்கும்; ஆகவே செக்கனுக்கு 1000 முறை கட்டுப்படுத்த விரும்பினால், மூன்று மூட்டுகளுக்கு ஒரு பஸ் என்று பிரிக்க வேண்டும்.

கால் தரையில் விழும்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி மின்னைத் திருப்பி அனுப்பும். மேசை மின்வழங்கிகள் பெரும்பாலும் அதை ஏற்காமல், வோல்ற்றளவு எகிறி, டிரைவரில் ஆளியாக இயங்கும் மொஸ்பெற் திரான்சிற்றரைச் சுடும். முதல் நாள் மெதுவான அசைவுகளுக்கு மேசை மின்வழங்கியைப் பயன்படுத்தி, வேகமான சோதனைக்குப் பற்றரிக்கு மாறுங்கள். அல்லது தடையி ஒன்றின் மூலம் மிகுதி மின்னை எரித்துவிடும் சுற்றைச் சேருங்கள்.

தாங்கியில் சோதித்தல்

சுவரில் அல்லது கனமான மேசையில் அக்சுவேட்டரை இறுக்கி, அரை மீற்றர் நீள இரும்புச் சட்டத்தை வெளியீட்டில் பூட்டுங்கள். சட்டம் எல்லை மீறிச் சுழலாதபடி இரு பக்கமும் உருக்குத் தடுப்பு வையுங்கள். மின்னைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில், சட்டம் சுழலும் தளத்துக்கு வெளியே இருக்கட்டும். 60 நியூற்றன் மீற்றர் விரலை உடைக்கப் போதுமானது.

முதலில் மின்னின்றி, தொங்கு தராசால் சட்டத்தின் முனையை மெதுவாக இழுத்து, எந்த விசையில் அசைகிறது என்று குறியுங்கள். நல்ல ஒற்றைப்படிக் கியரில் ஒரு நியூற்றன் மீற்றருக்கு அருகிலேயே அசையும். பல மடங்கு கூடுதலாக இருந்தால் கோள்களின் இடைத்தூரம் பிசகியிருக்கிறது. அடுத்து, சட்டத்தைத் தராசுடன் கட்டி, மின்னோட்டத்தை ஐந்து ஐந்து அம்பியராக உயர்த்தி, விசையை வரைபாக்குங்கள். கோடு நேராகச் செல்லும் வரை முறுக்க மாறிலியை நம்பலாம்; கோடு வளையத் தொடங்கும் இடம் இரும்பின் நிரம்பல்; அதற்கு மேல் மின்னோட்டத்தை மென்பொருளில் பூட்டிவிடுங்கள்.

மூன்றாவது வெப்பச் சோதனை. இதற்குத்தான் அதிக பொறுமை வேண்டும். மோட்டாரின் இரண்டு முனைகளை ஒன்றாகச் சேர்த்து, மூன்றாவது முனைக்கும் அவற்றுக்கும் இடையே நேரோட்டத்தைச் செலுத்தினால், அசையாமல் சுமை தாங்கும் மோசமான நிலையின் மின்னோட்டப் பங்கீடு அப்படியே கிடைக்கும். மின்வழங்கியை மின்னோட்ட எல்லை முறையில் 24 அம்பியருக்கு வையுங்கள். வோல்ற்றளவு 2 முதல் 3க்குள் நிற்கும். ஒவ்வொரு நிமிடமும் வோல்ற்றளவையும் தேர்மிஸ்ரர்களையும் பதியுங்கள். சுருள் சில பத்துச் செக்கன்களில் விரைவாக உயரும். பின்னர் கூடு முழுவதும் சூடேற மெதுவான ஏற்றம் நெடுநேரம் தொடரும். அது அடங்கும் வரை நிறுத்தக் கூடாது. இறுதி உயர்வை இறுதி வலுவால் வகுத்தால் உங்கள் மோட்டாரின் உண்மையான வெப்பத்தடை கிடைக்கும். குளிரூட்டியை நிறுத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, நண்பகலில் இதைச் செய்யுங்கள். ரோபோ ஓட்டினுள் செல்லவிருப்பின் ஓட்டையும் மூடியே செய்யுங்கள். கிடைத்த எண்ணை மேலே எடுகோளாகக் கொண்ட 1.2க்குப் பதிலாக இட்டு, தொடர் முறுக்கத்தை மீளக் கணியுங்கள். அது 16க்குக் குறைந்தால், கூட்டில் குளிர்ச்சிச் செட்டைகள் சேர்ப்பது, நிலையியைக் கூட்டுடன் வெப்பப் பசையால் ஒட்டுவது ஆகிய இரண்டையும் மோட்டாரை மாற்றுவதற்கு முன் முயலுங்கள்.

கடைசியாக, சட்டத்தின் முனையில் 4 கிலோகிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டு, சட்டம் கிடையாகும்போது 20 நியூற்றன் மீற்றரைத் தொடும்படி, அதை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். முழங்காலின் தோப்புக்கரணம் இது. ஓரிரு மணிநேரம் ஓடிய பின்னர் அக்சுவேட்டரைக் கழற்றித் திறந்து, கிரீசை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறம் புதிய பற்கள் இழைவதால் வருவது. மினுங்கும் துகள்கள் தெரிந்தால் பல் கடினப்படவில்லை அல்லது கோள் ஒன்று மட்டும் சுமையைத் தனியே சுமக்கிறது. சூரியனின் பற்களில் தேய்வு அகலம் முழுவதும் சீராகப் பரவியிருக்கிறதா, ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியால் நோக்குங்கள். ஓரத் தேய்வு, கோள்களைத் தாங்கும் தட்டு வளைகிறது என்பதன் அடையாளம். தட்டைத் தடிப்பாக்கி, கிரீசை மாற்றி, அதே சோதனையை மீண்டும் ஓட்டிய பின்னர் இடது காலுக்குரியதை வெட்டக் கொடுங்கள்.